64 என்றார்கள், 2,975 ஆனது: மரியா சூறாவளி, 2017

2017 செப்டம்பர் 20 காலை ஆறேகால் மணிக்கு மரியா சூறாவளி, கரீபியன் கடலில் அமெரிக்காவின் உடைமையான புவேர்ட்டோ ரிக்கோ தீவின் தென்கிழக்கு மூலையில், யாபுகோவா என்ற ஊருக்கு அருகே கரையேறியது. பிற்பகல் இரண்டு மணி வாக்கில் வடமேற்குக் கரை வழியாக மறுபடியும் கடலுக்குள் இறங்கிவிட்டது. நடுவில் ஏறத்தாழ எட்டு மணி நேரம். அந்த எட்டு மணி நேரத்தில் செத்தவர்களைவிட, புயல் போன பிறகு வந்த மாதங்களில் செத்தவர்கள் பல மடங்கு அதிகம். தீவின் அரசு அந்த டிசம்பரில் சொன்ன கணக்கு 64. அதே அரசு அடுத்த ஆகஸ்டில் ஏற்றுக்கொண்ட கணக்கு 2,975.

இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் நடந்ததுதான் மரியாவின் உண்மையான கதை என்பது என் கட்சி. காற்றின் வேகத்தையும் மழையின் அளவையும் வைத்து மட்டும் அதைப் புரிந்துகொள்ள முடியாது. ஆனாலும் காற்றில் இருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

பிறப்பு

அட்லாண்டிக்கின் பெரும் சூறாவளிகள் பலவற்றின் மூலம் ஆப்பிரிக்காவில் இருக்கிறது. சகாராவின் கொதிப்புக்கும் அதற்குத் தெற்கே கினி வளைகுடாப் பக்கத்தின் ஈரமான குளுமைக்கும் உள்ள வேறுபாட்டால், கோடை மாதங்களில் மேற்கு ஆப்பிரிக்காவின் மேல் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு காற்றோட்டம் பாய்கிறது. அதில் சில நாளுக்கு ஒருமுறை அலைபோல் நெளிவு விழும். ஆண்டுக்கு அறுபது போல இப்படி அலைகள் கடலுக்கு வருகின்றன. பெரும்பாலானவை மழையாகப் பெய்து ஓய்ந்துவிடும். செப்டம்பர் 12 அன்று கரையை விட்டுக் கிளம்பிய அலை அப்படி ஓயவில்லை.

நான்கு நாள் மேற்கே நகர்ந்து, சிதறிக் கிடந்த இடிமேகங்களை ஒரு மையத்தைச் சுற்றித் திரட்டிக்கொண்டு, 16-ஆம் தேதி பார்படோசுக்குக் கிழக்கே ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டரில் அது புயலானது. மரியா என்ற பெயரும் அன்றே விழுந்தது. 17-ஆம் தேதி மாலைக்குள் சூறாவளி. அதற்கு அடுத்த நாள் நடந்ததை வானிலையாளர்கள் இன்றும் எடுத்துப் பேசுகிறார்கள். 18-ஆம் தேதி விடியும்போது அடிநிலைச் சூறாவளியாக இருந்தது, அன்று இரவு ஒன்பதேகால் மணிக்கு டொமினிக்கா தீவில் ஏறியபோது ஐந்தாம் நிலையில் இருந்தது. காற்றின் வேகத்தை வைத்துச் சூறாவளிகளைத் தரம் பிரிக்கும் சஃபிர்-சிம்ப்சன் அளவுகோலில் அதற்கு மேல் நிலை கிடையாது. காற்று மணிக்குச் சுமார் 270 கிலோமீட்டர்.

இப்படிக் கிடுகிடுவென வலுப்பெறுவதற்கு மூன்று காரணங்கள் ஒன்றாகக் கூடி வர வேண்டும். கடல் மேற்பரப்பு சூடாக இருக்க வேண்டும். அப்போது அந்தப் பகுதியில் 29 பாகை செல்சியசை ஒட்டி இருந்தது. கீழ்க்காற்றும் மேல்காற்றும் ஒரே போக்கில் இருக்க வேண்டும். வேறுபட்டால் புயலின் உடல் சாய்ந்து கிழிந்துவிடும். சுற்றியுள்ள காற்றில் ஈரம் இருக்க வேண்டும். மூன்றும் கிடைத்தால், கடலில் இருந்து ஆவியாகி மேலேறும் நீர் மேகமாகக் குளிரும்போது விடும் வெப்பம் மையத்திலேயே தங்கி, அங்கே அழுத்தம் குறைந்துகொண்டே போகும். மரியாவின் கண், அதாவது காற்று அடங்கிக் கிடக்கும் நடுவட்டம், அன்று மிகச் சிறியதாகச் சுருங்கியிருந்தது. வட்டம் சுருங்கச் சுருங்கச் சுழற்சி விரைவாகும்.

பாதையைக் கணிப்பதில் அமெரிக்கத் தேசியச் சூறாவளி மையம் கடந்த முப்பது ஆண்டுகளில் பெரிய முன்னேற்றம் கண்டிருக்கிறது. மரியா எந்தத் தீவுகளை நோக்கி வருகிறது என்பது முன்கூட்டியே தெரிந்திருந்தது. வலுவைக் கணிப்பதில் அந்த அளவு தேர்ச்சி இல்லை. வலுக்கும் என்று எச்சரித்தார்கள். இத்தனை வலுக்கும், இத்தனை சீக்கிரம் வலுக்கும் என்று யாரும் சொல்லவில்லை. டொமினிக்காவில் காலையில் ஜன்னலுக்குப் பலகை அடித்தவர்கள் தாங்கள் எந்தப் புயலுக்காக அடிக்கிறோம் என்பதே தெரியாமல் அடித்திருப்பார்கள்.

டொமினிக்கா

டொமினிக்கா என்றதும் பலர் டொமினிக்கன் குடியரசோடு குழப்பிக்கொள்வார்கள். இது வேறு. சுமார் 750 சதுர கிலோமீட்டர், எழுபதாயிரத்துச் சொச்சம் மக்கள், செங்குத்தான எரிமலைகள், அடர்ந்த மழைக்காடு. 1979-இல் டேவிட் சூறாவளி இந்தத் தீவை உருக்குலைத்தது. அது நான்காம் நிலை. ஐந்தாம் நிலையில் ஒரு சூறாவளி இங்கே கரையேறியதாகப் பதிவானது மரியாதான் முதல்முறை.

பிரதமர் ரூஸ்வெல்ட் ஸ்கெரிட் அன்றிரவு தன் முகநூலில், தன் வீட்டுக் கூரை பறந்துவிட்டதாகவும், புயலின் தயவில் கிடப்பதாகவும் எழுதினார். கொஞ்ச நேரத்தில் அவர் மீட்கப்பட்டார். அதன்பின் தீவிலிருந்து வெளியுலகுக்கு வந்துகொண்டிருந்த தகவல் ஏறக்குறைய அறுந்துபோனது. மறுநாள் மேலே பறந்து பார்த்தவர்களுக்குப் பச்சைத் தீவைக் காணோம். இலை உரிந்து, பட்டை உரிந்து மலைகள் எல்லாம் பழுப்பாக நின்றன. பத்தில் ஒன்பது வீடு போல சேதப்பட்டிருந்தது. 31 பேர் இறந்தனர், 34 பேர் காணாமல் போயினர். சேதமும் இழப்புமாகச் சேர்த்து உலக வங்கி தொகுத்த மதிப்பு ஏறத்தாழ 130 கோடி டாலர். நாட்டின் ஓராண்டு மொத்த உற்பத்தியைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் அது. இரண்டே ஆண்டுக்கு முன் எரிக்கா என்ற புயலின் மழை அந்த உற்பத்தியில் ஏறத்தாழ 90 விழுக்காட்டைத் தின்றிருந்தது. அந்தக் கணக்கே இன்னும் அடையவில்லை.

ஐந்தாம் நாள், செப்டம்பர் 23 அன்று, ஸ்கெரிட் ஐ.நா. பொதுச்சபையில் பேசினார். கரிமத்தைக் கக்குவதில் உலகக் கணக்கில் பெயரே தெரியாத நாடு, அதன் விளைவை முதலில் வாங்கிக்கொள்கிறது என்பது அவர் பேச்சின் சாரம்.

கண் மாறிய இரவு

டொமினிக்காவின் மலைகளில் உரசியதில் மரியா கொஞ்சம் தளர்ந்தது. கடலுக்கு வந்ததும் மீண்டும் ஏறி, 19-ஆம் தேதி இரவு உச்சத்தைத் தொட்டது: மணிக்கு ஏறத்தாழ 280 கிலோமீட்டர் காற்று, மைய அழுத்தம் 908 மில்லிபார். அமெரிக்க வர்ஜின் தீவுகளில் ஒன்றான செயின்ட் குறோய் அந்த இரவில் அதன் வெளிவட்டத்து இடிமேகங்களின் அடியை வாங்கியது. இரண்டு வாரம் முன்பு இர்மா சூறாவளி அந்தக் கூட்டத்தின் வடபக்கத் தீவுகளான செயின்ட் தாமஸையும் செயின்ட் ஜானையும் துவைத்திருந்தது. அப்போது தப்பிய செயின்ட் குறோயில் இருந்துதான் அவர்களுக்கு உதவி போய்க்கொண்டிருந்தது.

அதே இரவில் நடந்த ஒரு மாற்றம் நல்லதா கெட்டதா என்று சட்டெனச் சொல்ல முடியாதது. கண்ணைச் சுற்றி நிற்கும் இடிமேகச் சுவருக்கு வெளியே இன்னொரு சுவர் எழும்பியது. வெளிச்சுவர் இறுகும்போது உள்ளே போகும் ஈரக்காற்றை அது மறித்துவிடும். உள்சுவர் பட்டினியில் சாகும். வலுவான சூறாவளிகளில் இது வழக்கம். இதனால் உச்ச வேகம் குறைந்தது. மரியா கரையேறும்போது மணிக்கு ஏறத்தாழ 250 கிலோமீட்டர், அதாவது ஐந்தாம் நிலைக்கு ஒரு நூலிழை கீழே. செய்தித் தலைப்புகள் இதை ஆறுதலாக எழுதின. ஆனால் அதே மாற்றத்தில் கண்ணின் அகலம் சுமார் 17 கிலோமீட்டரில் இருந்து 50 கிலோமீட்டருக்கு மேல் விரிந்தது. மிகக் கடுமையான காற்று வீசும் பரப்பும் அதோடு விரிந்தது. நிலை எண் இறங்கியது, அடிபடும் ஊர்களின் எண்ணிக்கை கூடியது. ஒற்றை இலக்கத்தில் புயலைச் சொல்லும் வழக்கத்தின் குறை இதைவிடத் தெளிவாக வேறெங்கும் தெரிந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

எட்டு மணி நேரம்

தீவை மூலைக்கு மூலை குறுக்காக வெட்டிக்கொண்டு போனது மரியா. புவேர்ட்டோ ரிக்கோ கிழக்கு மேற்காக 160 கிலோமீட்டர் போல நீளம், வடக்கு தெற்காக 55 போல அகலம். இத்தனை சிறிய இடத்தில் 50 கிலோமீட்டர் அகலக் கண் குறுக்கே போனால் ஒதுங்கிய ஊர் என்று எதுவும் மிஞ்சாது. 1928-இன் சான் ஃபெலிப்பே சூறாவளிக்குப் பிறகு இத்தனை வலுவான ஒன்றை இந்தத் தீவு பார்த்ததில்லை. கயேய் மலைமேல் இருந்த வானிலை ரேடாரின் கூண்டையும் தட்டையும் காற்று பிடுங்கி எறிந்தது. புயல் தலைக்கு மேல் வரும் நேரத்தில் அதைப் பார்க்கும் கருவி இல்லாமல் போனது.

கிழக்குக் கரையில் உமக்காவ், நகுவாபோ பக்கம் ஆறு முதல் ஒன்பது அடி வரை கடல்நீர் ஏறியது. மலைகளில் மழை கொட்டித் தீர்த்தது; காகுவாஸ் பகுதியில் 960 மில்லிமீட்டருக்கு மேல் பதிவானது. 1956-க்குப் பின் தீவைத் தொட்ட 129 புயல்களை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று, மழையில் மரியாவுக்கு இணை இல்லை என்றது. வெப்பமான கடலும் காற்றும் சேர்ந்து, 1950-களைவிட இப்படியொரு மழைக்கான வாய்ப்பை ஐந்து மடங்கு அளவுக்குக் கூட்டியிருப்பதாகவும் கணக்கிட்டது. நடுமலைத் தொடரில் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட நிலச்சரிவுகள் பின்னால் வான்படங்களில் எண்ணப்பட்டன. வடகரையில் டோவா பாஹாவின் லெவிட்டவுன் குடியிருப்பில் ஆற்றுவெள்ளம் இரவோடு இரவாக வீட்டுக்குள் ஏறி, மக்கள் கூரைமேல் நின்றார்கள். 22-ஆம் தேதி குவாஹடாக்கா அணையின் மிகைநீர்க் கால்வாய் உடையத் தொடங்கியதால், கீழே இருந்த சுமார் 70,000 பேரை வெளியேறச் சொன்னார்கள். அணை நின்றது.

உட்டுவாடோ மலைப்பகுதியில் ரியோ அபாஹோ என்ற சிற்றூருக்குப் போகும் ஒரே பாலத்தை ஆறு கொண்டுபோனது. ஊர்க்காரர்கள் ஆற்றுக்குக் குறுக்கே கம்பி கட்டி, கப்பி மாட்டி, ஒரு சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டியைத் தொங்கவிட்டுத் தண்ணீரும் சாப்பாடும் இழுத்தார்கள். அந்த இடத்துக்கு ‘மறக்கப்பட்டவர்களின் முகாம்’ என்று அவர்களே ஒரு பலகையும் வைத்தார்கள்.

இந்திய வாசகர்களுக்கு ஓர் இடைக்குறிப்பு. கண் கடந்த வழியில், கரையை ஒட்டி, காயோ சாந்தியாகோ என்ற குட்டித்தீவு இருக்கிறது. 1938-இல் இந்தியாவிலிருந்து கப்பலில் கொண்டுபோன செம்முகக் குரங்குகளின் வழித்தோன்றல்கள் அங்கே ஆராய்ச்சிக்காக வாழ்கின்றன. மரங்களில் பெரும்பகுதி அழிந்தும் குரங்குகளில் பெரும்பாலானவை பிழைத்தன. நிழல் அரிதாகிவிட்ட அந்தத் தீவில், முன்பு ஒன்றையொன்று கடித்து விரட்டிய குரங்குகள் ஒரே நிழலில் நெருங்கி உட்காரப் பழகின என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. எதிரே கரையில் இருந்த புன்டா சாந்தியாகோ ஊர்க்காரர்கள், தங்களுக்குத் தண்ணீரும் உணவும் வேண்டும் என்று ஹெலிகாப்டரில் போகிறவர்களுக்குத் தெரியும்படி தெருவில் பெரிய எழுத்தில் எழுதிவைத்தார்கள்.

ஏற்கெனவே இற்றுப்போன கம்பி

மரியா வருவதற்கு முன்பே இந்தத் தீவின் மின்சாரம் நோயாளியாக இருந்தது. எண்ணெயை எரிக்கும் பெரிய மின்நிலையங்கள் தென்கரையில். மின்சாரத்தை அதிகம் தின்னும் தலைநகர் சான் ஹுவான் வடகரையில். நடுவில் மலைத்தொடர். அதன்மேல் ஏறி இறங்கும் உயரழுத்தக் கம்பிகள்தான் தீவின் உயிர்நாடி. நிலையங்கள் பழையவை, கம்பிப் பாதையில் மரம் வெட்டக்கூடப் பணமில்லை, தேர்ந்த ஊழியர்கள் ஆயிரக்கணக்கில் ஓய்வுபெற்றோ அமெரிக்கப் பெருநிலத்துக்கோ போய்விட்டார்கள். 2016 செப்டம்பர் 21 அன்று தெற்கே அகிர்ரே நிலையத்தில் பற்றிய ஒரு தீ மொத்தத் தீவையும் இருட்டாக்கியது. அன்று புயல் எதுவும் இல்லை. மரியா வந்தது அதற்கு ஓராண்டு நிறைய ஒரே நாள் இருக்கும்போது.

அரசு மின்வாரியம் 2017 ஜூலையில் சுமார் 900 கோடி டாலர் கடனோடு திவால் மனு போட்டது. அதற்கு இரண்டு மாதம் முன்பே தீவின் அரசும் 7,000 கோடி டாலருக்கு மேற்பட்ட கடனுக்காக அதே வழியில் போயிருந்தது. 1898 முதல் அமெரிக்காவின் உடைமை, 1917 முதல் மக்கள் அமெரிக்கக் குடிமக்கள், ஆனால் தீவில் வசிப்பவருக்கு அதிபர் தேர்தலில் ஓட்டு இல்லை. 2016-இல் வாஷிங்டன் போட்ட நிதி மேற்பார்வைக் குழுதான் தீவின் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தது.

செப்டம்பர் 6 அன்று இர்மா தீவுக்கு வடக்கே கடலோடு போனது. நேரடியாகத் தொடாமலே பத்து லட்சம் இணைப்புகளுக்கு மேல் மின்சாரம் போனது. மரியா வந்தபோது அவற்றில் எண்பதாயிரம் போல இன்னும் இருட்டில்தான். இர்மாவின் இன்னொரு விளைவு அவ்வளவாகப் பேசப்படவில்லை: அமெரிக்கப் பேரிடர் முகமையான ஃபீமா தீவில் வைத்திருந்த கிடங்கின் சரக்கில் 80 விழுக்காட்டுக்கு மேல் இர்மாவுக்காக ஏற்கெனவே எடுத்துப்போயாகிவிட்டது. அதற்கும் முன்னால் ஆகஸ்டில் டெக்சாசை ஹார்வி மூழ்கடித்திருந்தது. ஒரே பருவத்தின் மூன்றாவது அடி என்பதால், கம்பமும் கம்பியும் ஆளும் எங்கும் கிடைக்கவில்லை.

செப்டம்பர் 20 அன்று மின்சாரம் முழுதாக, நூற்றுக்கு நூறு, நின்றது. மின்கம்பங்களில் ஐந்தில் நான்கு சாய்ந்தன. கைபேசிக் கோபுரங்களில் 95 விழுக்காடு ஊமையாயின. மொத்தத் தீவுக்கும் கேட்ட குரல் பழைய ஏ.எம். வானொலியின் குரல்தான். ஆளுநர் முதல் மலையூர் மேயர் வரை, யார் எங்கே இருக்கிறார்கள் என்பதை அறிய வானொலியைத்தான் நம்பினார்கள்.

மீட்புப்பணி தொடங்கிய விதம் வெட்கக்கேடு. பேரிடரில் பிற மாநில மின்வாரியங்கள் ஆளும் கருவியும் அனுப்பும் பரஸ்பர உதவி ஏற்பாடு அமெரிக்காவில் உண்டு. டெக்சாசும் ஃபுளோரிடாவும் அப்படித்தான் எழுந்தன. புவேர்ட்டோ ரிக்கோ வாரியம் உடனே அதைக் கேட்காமல், மொன்டானாவைச் சேர்ந்த வைட்ஃபிஷ் எனர்ஜி என்ற நிறுவனத்துக்கு 30 கோடி டாலர் ஒப்பந்தம் கொடுத்தது. புயல் அடித்த அன்று அந்த நிறுவனத்தில் முழுநேர ஊழியர் இருவர். செய்தி வெளியானதும் எழுந்த கூச்சலில் அக்டோபர் முடிவில் ஒப்பந்தம் ரத்தானது. வாரியத் தலைவர் நவம்பரில் பதவி விலகினார். டிசம்பர் கடைசியிலும் இணைப்புகளில் 55 விழுக்காட்டுக்குத்தான் மின்சாரம் திரும்பியிருந்தது. எல்லோருக்கும் வந்துவிட்டது என்று வாரியம் சொல்ல 2018 ஆகஸ்ட் ஆயிற்று. அமெரிக்க வரலாற்றில் இதைவிட நீண்ட, பெரிய மின்தடை இல்லை.

இருட்டு எப்படிக் கொல்கிறது

மின்சாரம் போனால் விளக்கும் மின்விசிறியும் மட்டுமா போகின்றன? மோட்டார் ஓடாமல் குடிநீர் ஏறாது. இன்சுலின் வைக்கக் குளிர்பெட்டி இல்லை. மூச்சுத்திணறல் உள்ளவரின் ஆக்சிஜன் இயந்திரம் நிற்கும். டயாலிசிஸுக்கு மின்சாரமும் வேண்டும், ஏராளமான நல்ல தண்ணீரும் வேண்டும். டீசல் தட்டுப்பாட்டில் நிலையங்கள் நேரத்தைக் குறைத்தன. பக்கத்துச் சிறுதீவான வியேகஸில் மருத்துவமனையே போய்விட்டது. அங்குள்ள சிறுநீரக நோயாளிகள் வாரத்துக்கு மூன்று முறை சிறு விமானத்தில் பெரிய தீவுக்குப் போய் வந்தார்கள். இது சில வாரங்களுக்கு அல்ல, ஆண்டுக்கணக்கில் நீடித்தது. மின்தூக்கி நின்ற முதியோர் குடியிருப்புகளில் ஏழாவது மாடியில் இருப்பவர் ஏழாவது மாடியிலேயே இருந்தார். ஓடைத்தண்ணீரைக் குடித்த ஊர்களில் எலிக்காய்ச்சல் தலைதூக்கியது. சாலை மூடியதால் ஆம்புலன்ஸ் வரவில்லை. போன் இல்லாததால் ஆம்புலன்ஸைக் கூப்பிடவும் முடியவில்லை.

அக்டோபர் 3 அன்று கம்ஃபர்ட் என்ற கடற்படை மருத்துவமனைக் கப்பல் வந்து நின்றது. நோயாளியை அதில் சேர்க்க வேண்டிய அனுமதிச் சுற்றில் சிக்கி, முதல் வாரங்களில் படுக்கைகளில் பெரும்பாலானவை காலியாகவே கிடந்தன. துறைமுகத்திலும் அதே கதைதான்: கொள்கலன்கள் ஆயிரக்கணக்கில் குவிந்திருந்தன, லாரிக்கு டீசல் இல்லை, ஓட்டுநருக்கு அழைப்பு போகவில்லை. ஓராண்டு கழித்து, கைவிடப்பட்ட ஒரு விமான ஓடுதளத்தில் தண்ணீர்ப் புட்டிகள் மலைமலையாக வெயிலில் வெந்துகிடந்த படங்கள் வெளியாயின.

இவற்றில் எந்தச் சாவும் நாம் புயல்சாவு என்றதும் நினைக்கும் சாவு இல்லை. சான்றிதழில் மாரடைப்பு என்று இருக்கும், நீரிழிவு என்று இருக்கும், செப்சிஸ் (உடலெங்கும் பாதிக்கும் கடும் கிருமித்தொற்று) என்று இருக்கும். இங்கேதான் 64 பிறந்தது.

எண்ணிய விதம்

புயலால் நேர்ந்த சாவு என்று பதிவாக வேண்டுமானால், உடல் தலைநகரில் உள்ள தடயவியல் நிறுவனத்தின் பார்வைக்குப் போக வேண்டும், அல்லது அதன் அதிகாரி வந்து பார்க்க வேண்டும். இல்லையென்றால் சான்றிதழ் எழுதும் மருத்துவர் புயலைக் குறிப்பிட வேண்டும். மறைமுகச் சாவுகளையும் சேர்க்கலாம் என்று அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தின் வழிகாட்டுதல் இருந்தது. அப்படி ஒன்று இருப்பதே பல மருத்துவர்களுக்குத் தெரியாது. யாரும் பயிற்சி கொடுக்கவில்லை. சாலையும் மின்சாரமும் இல்லாத மலையூரில் இறந்தவரை, விதிக்காகத் தலைநகருக்குத் தூக்கிப்போக யாரால் முடியும்? உள்ளூரிலேயே புதைத்தார்கள்.

அதிபர் டிரம்ப் அக்டோபர் 3 அன்று வந்தபோது அரசுக் கணக்கு 16. அதை 2005-இன் கத்ரீனா சூறாவளியின் ஆயிரக்கணக்கான சாவுகளோடு ஒப்பிட்டு, பெருமைப்படலாம் என்ற தொனியில் அவர் பேசினார். அவர் விமானம் ஏறிய அன்று மாலையே எண் 34 ஆனது. டிசம்பரில் 64-இல் நின்றது. நின்றது என்பதுதான் சந்தேகத்தைக் கிளப்பியது. பிணவறை நிறைந்திருக்கிறது, சுடலை நிறைந்திருக்கிறது, எண் மட்டும் அசையவில்லை.

முதலில் தோண்டியவர்கள் பத்திரிகையாளர்கள். சான் ஹுவானின் புலனாய்வு இதழியல் மையம் ஊர் ஊராகக் குடும்பங்களைத் தேடிப்போனது. அரசு இறப்புப் பதிவுகளைத் தரமறுத்ததால் நீதிமன்றமும் ஏறியது. நியூயார்க் டைம்ஸ் டிசம்பரில் நாள்வாரி இறப்புகளை முந்தைய ஆண்டுகளோடு வைத்துப் பார்த்து, புயலுக்குப் பின் 42 நாளில் மட்டும் வழக்கத்தைவிட 1,052 பேர் அதிகமாக இறந்திருப்பதாகக் கண்டது. செப்சிஸ் சாவு பாதிக்குப் பாதி கூடியிருந்தது.

2018 மே மாதம் ஹார்வர்டு தலைமையிலான குழு வேறு வழியில் வந்தது. அரசுப் பதிவைத் தொடாமல், 3,299 வீடுகளுக்குப் போய்க் கேட்டார்கள். அதிலிருந்து விரித்துப் பெற்ற மதிப்பீடு 4,645. செய்திகளில் இந்த எண் மட்டும் ஓடியது. அதன் பிழை எல்லை 793 முதல் 8,498 வரை என்பது பின்பக்கத்தில் ஒதுங்கியது. சிறு மாதிரியில் இறப்பு போன்ற அரிய நிகழ்வைத் தேடினால் எல்லை இப்படித்தான் அகலும். அந்த ஆய்வில் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு விவரம்: ஆண்டு முடிவதற்குள் ஒரு வீடு சராசரியாக 84 நாள் மின்சாரம் இல்லாமலும் 68 நாள் தண்ணீர் இல்லாமலும் இருந்திருக்கிறது. சொல்லப்பட்ட சாவுகளில் மூன்றில் ஒன்று சிகிச்சை தாமதமானதாலோ கிடைக்காததாலோ நேர்ந்தது.

சில நாளில் தலைநகரில் சட்டமன்றக் கட்டடத்தின் முன் மக்கள் இறந்தவர்களின் செருப்பையும் ஷூவையும் கொண்டுவந்து வைக்கத் தொடங்கினார்கள். ஆயிரக்கணக்கான சோடிகள் சேர்ந்தன.

ஆளுநர் ரிக்கார்டோ ரொசெயோவின் அரசே அமர்த்திய ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வு ஆகஸ்ட் 28 அன்று வந்தது. செப்டம்பர் முதல் அடுத்த பிப்ரவரி வரை கூடுதல் இறப்பு 2,975. எல்லை 2,658 முதல் 3,290. அவர்கள் கவனித்த ஒரு நுணுக்கம் மற்றவர்கள் சரியாகப் பிடிக்காதது. புயலுக்குப் பின் மக்கள்தொகையில் எட்டு விழுக்காடு போலத் தீவை விட்டே போயிருந்தார்கள். ஆள் குறைந்தால் இறப்பும் குறைய வேண்டும்; அதைக் கணக்கில் சேர்க்காவிட்டால் கூடுதல் இறப்பு இருப்பதைவிடச் சிறிதாகத் தெரியும். ஏழை நகராட்சிகளில் வசித்தவர்களுக்குச் சாவு ஆபத்து 45 விழுக்காடு கூடுதல். 65 வயதைத் தாண்டிய ஆண்களுக்கு அந்த ஆபத்து ஆய்வுக் காலம் முடியும்வரை தணியவே இல்லை. ரொசெயோ அன்றே எண்ணை ஏற்றுக்கொண்டார். டிரம்ப் செப்டம்பரில், இது எதிர்க்கட்சியின் இட்டுக்கட்டு என்று ட்வீட் போட்டார்.

கூடுதல் இறப்பு என்பது ஒரு பெயர்ப்பட்டியல் அல்ல. எத்தனை பேர் என்று சொல்லும். யார் யார் என்று சொல்லாது. தன் தாய் அந்த 2,975-இல் ஒருவரா என்று கேட்கும் மகனுக்கு அதில் பதில் இல்லை, அடக்கச் செலவு நிவாரணத்துக்கும் அது உதவாது. ஆனால் 64-ஐ வைத்துக்கொண்டு கடலோரச் சுவரும் கூரை ஆணியும் போதும் என்று முடிவெடுத்திருக்கலாம். 2,975-ஐ வைத்துக்கொண்டு அப்படி முடிவெடுக்க முடியாது. அது ஜெனரேட்டரையும் மருந்துக் குளிர்பெட்டியையும் மாடிப்படியையும் பற்றிப் பேசுகிற எண்.

2019 ஜூலையில் ஆளுநரும் அவர் வட்டாரமும் டெலிகிராமில் பேசிக்கொண்டது கசிந்தது. புயலில் குவிந்த பிணங்களை வைத்து அதில் ஒரு நக்கல் இருந்தது. லட்சக்கணக்கானோர் தெருவில் இறங்கி, ஆகஸ்ட் 2 அன்று அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஊழலும் பெண்களை இழிவாகப் பேசியதும் காரணங்களில் உண்டு. ஆனால் அந்தக் கூட்டத்தில் மரியாவின் சாவுக்கணக்கு முழக்கமாகவே ஒலித்தது.

மற்றவை

புயலின் மிச்சப் பயணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டொமினிக்கன் குடியரசின் வடகரையை ஒட்டி, டர்க்ஸ் கைக்கோஸ் தீவுகளுக்குக் கிழக்கே வடக்காகத் திரும்பி, அமெரிக்கக் கிழக்குக் கரையை வெளியிலிருந்தே தொட்டுவிட்டு, செப்டம்பர் 30 அன்று வட அட்லாண்டிக்கில் தன் இயல்பை இழந்தது. புவேர்ட்டோ ரிக்கோவிலும் வர்ஜின் தீவுகளிலுமாகச் சேதம் சுமார் 9,000 கோடி டாலர். தீவின் விளைச்சல் மதிப்பில் 80 விழுக்காடு போனது. 2018 ஜூலைக்குள் ஓராண்டில் மக்கள்தொகை ஏறத்தாழ 1,30,000 குறைந்தது. மரியா என்ற பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கி மார்கோ என்று மாற்றினார்கள்.

பெருநிலத்து அமெரிக்கர்களுக்கு இந்தப் புயல் எதிர்பாராத வழியில் உறைத்தது. மருந்துத் தொழிற்சாலைகள் தீவில் அதிகம். வரிச்சலுகைக் காலத்தில் வந்து ஊன்றியவை. உப்புக்கரைசல் சிறுபைகளைச் செய்துவந்த பாக்ஸ்டர் ஆலைகள் நின்றதும், நியூயார்க்கிலும் பாஸ்டனிலும் மருத்துவமனைகள் அந்தப் பைகளுக்குத் தவித்தன. செவிலியர்கள் ஊசியைக் கையில் பிடித்து மெல்ல மெல்ல மருந்து ஏற்றினார்கள்.

இருட்டுக்கு நடுவே ஒரு வீட்டில் மட்டும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மலையூரான அத்ஹுந்தாஸில் உள்ள காசா புவேப்லோ, 1980-இல் சுரங்கத் திட்டத்தை எதிர்த்துத் தொடங்கிய அமைப்பு. 1999 முதல் சூரியத் தகட்டில் ஓடுகிறது. புயலுக்கு மறுநாள் தகடுகள் அப்படியே இருந்தன. ஊர்க்காரர்கள் சுவாசக் கருவியைச் செருக, போனுக்கு ஏற்ற அங்கே வந்தார்கள். அமைப்பு பிறகு வீடுவீடாக ஆயிரக்கணக்கில் சூரிய விளக்குகளைக் கொடுத்தது; ஊர் நடுவே கடைகளை இணைத்து ஒரு சிறு மின்வலையும் அமைத்தது. ஃபீமா மின்வலைக்கென ஒதுக்கிய ஏறத்தாழ 950 கோடி டாலரின் பெரும்பகுதி கோப்புகளில் இருந்த காலத்தில், இங்கே விளக்கு எரிந்தது.

2021 ஜூனில் கம்பிகளும் கம்பங்களும் லூமா என்ற தனியார் நிறுவனத்தின் கைக்குப் போயின. 2022 செப்டம்பர் 18 அன்று ஃபியோனா வந்தது. மரியாவோடு ஒப்பிட்டால் கடைநிலைச் சூறாவளி, முதல் நிலை. அதன் கண் தீவின் தென்மேற்கு நுனியை மட்டும் தொட்டது. கரையைத் தொடும் முன்பே தீவு முழுவதும் மின்சாரம் நின்றது. ஓடிக்கொண்டிருந்த ஜெனரேட்டரில் பெட்ரோல் ஊற்றப்போய்த் தீப்பிடித்து இறந்த ஒரு முதியவரை, இம்முறை, முதல் இரண்டு நாளுக்குள்ளேயே புயல்சாவுப் பட்டியலில் எழுதினார்கள்.